சொல்லாமல் விட்டது எது? கற்பித்தலிலும் மொழிபெயர்ப்பிலும் மொழி ஒப்பீடு

மொழிகளை ஒப்பிடுவது என்றதும் பலருக்கும் உறவு தேடும் வேலைதான் நினைவுக்கு வரும். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் பேசினார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் அதை ஒப்பிலக்கணமாக விரித்து எழுதினார். இவர்கள் எல்லாரும் பின்னோக்கிப் பார்த்தவர்கள். எந்த மொழிக்கு எது அக்கா, எது தங்கை என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இன்னொரு வகை ஒப்பீடு உண்டு. அதற்கு உறவுமுறையைப் பற்றிக் கவலையே இல்லை. தமிழையும் ஜப்பானியத்தையும், அரபியையும் ஆங்கிலத்தையும், எந்த இரண்டை வேண்டுமானாலும் அருகருகே வைக்கலாம். இந்த மொழி ஒரு விஷயத்தை இன்று எப்படிச் சொல்கிறது, அந்த மொழி அதையே எப்படிச் சொல்கிறது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்ப்பது இது. வகுப்பறைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வேண்டியது இதுதான். இங்கே இதை வேற்றுமை ஒப்பீடு என்று வைத்துக்கொள்வோம்.

இதன் கதை கொஞ்சம் விசித்திரமானது. மொழி கற்பித்தலின் எல்லாச் சிக்கலுக்கும் இதுவே மருந்து என்று ஒரு காலத்தில் கொண்டாடினார்கள். அப்புறம் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டுமே மிகைதான். எதைக் காட்டும் என்று அவர்கள் நம்பினார்களோ, அதை இந்த ஒப்பீடு அரைகுறையாகத்தான் காட்டியது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்றை நன்றாகவே காட்டியது. கற்பவரும் மொழிபெயர்ப்பாளரும் எதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

வேறுபட்டால் கடினமா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1941இல் ஆங்கில மொழி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய சார்லஸ் ஃப்ரைஸ் 1945இல் ஒரு நூலில் தன் கொள்கையைச் சொன்னார். நல்ல பாடநூல் வேண்டுமென்றால், கற்கும் மொழியின் அமைப்பை விவரித்து, கற்பவரின் தாய்மொழி அமைப்போடு அதைக் கவனமாக ஒப்பிட்டு, அந்த அடிப்படையில் பாடத்தை எழுத வேண்டும் என்றார். அவரோடு பணியாற்றிய ராபர்ட் லாடோ, ஸ்பெயினிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. இரண்டு மொழிக்கும் நடுவில் வளர்ந்தவர். அவர் 1957இல் இன்னும் ஒரு படி மேலே போனார். தாய்மொழியோடு ஒத்திருக்கும் கூறு எளிதாக வரும், வேறுபடுவது கடினமாக இருக்கும் என்றார். அப்படியானால் வகுப்புக்குள் நுழையுமுன்பே, மாணவரைப் பார்க்காமலே, அவர் எங்கே தவறுவார் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

கேட்பதற்குக் கவர்ச்சியாக இருந்தது. 1962 முதல் 1965 வரை ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றை ஆங்கிலத்தோடு ஒலி, இலக்கணம் என்று தனித்தனியாக ஒப்பிட்ட நூல்வரிசையை சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. எந்த வகை வேறுபாடு எவ்வளவு கடினம் என்று படிநிலைகூடப் போட்டார்கள்.

சோதித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 1970இல் வந்த ஓர் ஆய்வு ஆங்கில எழுத்துக்கூட்டலில் வெளிநாட்டு மாணவர்கள் செய்யும் பிழைகளை எடுத்துக்கொண்டது. ஓலர், ஜியாஹொசைனி என்ற இருவர் செய்தது. லாடோவின் கணக்குப்படி, ரோமன் எழுத்தையே தாய்மொழிக்கும் பயன்படுத்துகிறவர்கள் குறைவாகப் பிழைவிட வேண்டும். வேறு எழுத்துமுறையிலிருந்து வருகிறவர்கள்தான் திண்டாட வேண்டும். நடந்தது நேர்மாறு. ஏற்கெனவே ரோமன் எழுத்தில் பழகியவர்கள்தான் அதிகம் பிழைவிட்டார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. முற்றிலும் புதியதென்றால் கவனம் விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் அது தூங்கிவிடும். ஒலிகளைப் பற்றி ஜேம்ஸ் ஃப்ளேகி பின்னாளில் வகுத்த கோட்பாடும் இதே திசையில்தான் போகிறது. தாய்மொழி ஒலிக்கு நெருங்கிய ஒலியைவிட, எதற்கும் ஒப்பில்லாத ஒலியைப் பெரியவர்கள் காலப்போக்கில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம்.

இந்திய மொழிகளுக்குள் நடமாடுகிறவர்களுக்கு இது பழைய அனுபவம். அவசரம் என்ற சொல் தமிழில் பரபரப்பு. மலையாளத்தில் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. மூன்று மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற இந்தச் சொல் கொடுக்கும் தொல்லையை, முழுக்கப் புதிய சொல் ஒன்று கொடுக்காது. புதிய சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம். தெரிந்ததுபோல் இருக்கும் சொல்லுக்குப் புரட்ட மாட்டோம்.

இதற்கிடையில் தவறுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மாணவரின் பிழை தாய்மொழியின் குறுக்கீடு மட்டுமல்ல, அவர் தமக்குள் உருவாக்கிக்கொண்டிருக்கும் விதிகளின் தடயம் என்று பிட் கார்டர் 1967இல் எழுதினார். கற்பவர் பேசுவது தாய்மொழியும் இல்லாத, இலக்கு மொழியும் இல்லாத, தனக்கென ஒழுங்குள்ள ஓர் இடைமொழி என்று லாரி செலிங்கர் 1972இல் பெயர் வைத்தார். ஊகத்தை விட்டுவிட்டு, மாணவர் உண்மையில் செய்த பிழைகளைச் சேகரித்து வகைப்படுத்துவதுதான் அறிவியல் என்ற எண்ணம் வலுத்தது. வேற்றுமை ஒப்பீட்டின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

பிழை இல்லாததே பிழை

1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் பிழைப் பட்டியல்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். மாணவர் பிழையே விடவில்லை என்றால், அவருக்கு அது தெரியும் என்று அர்த்தமா?

அவர் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தில் ஹூ, விச், தட் போட்டு எழுதும் பெயரடைத் தொடர்களை. பாரசீகம், அரபி, சீனம், ஜப்பானியம் ஆகிய நான்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களின் கட்டுரைகளில் இந்தத் தொடர்களை எண்ணினார். பிழை விகிதத்தை மட்டும் பார்த்தால் சீனரும் ஜப்பானியரும்தான் கெட்டிக்காரர்கள். பாரசீக, அரபு மாணவர்கள் தடுமாறியிருந்தார்கள். ஆனால் மொத்தம் எத்தனை தடவை அந்த அமைப்பைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தபோது படம் தலைகீழானது. பாரசீகர் 174, அரபியர் 154. சீனர் 76, ஜப்பானியர் 63. ஒப்பீட்டுக்கு வைத்த அமெரிக்க மாணவர்கள் 173.

பாரசீகத்திலும் அரபியிலும் ஆங்கிலத்தைப் போலவே இந்தத் தொடர் பெயருக்குப் பின்னால் வரும். சீனத்திலும் ஜப்பானியத்திலும் பெயருக்கு முன்னால் வரும். ஆகவே முதல் இரு கூட்டத்தாரும் துணிந்து எழுதினார்கள், அதனால் தவறினார்கள். மற்ற இரு கூட்டத்தாரும் அந்தப் பக்கமே போகவில்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் எழுதினார்கள். பிழைப் பட்டியலில் இந்தத் தவிர்ப்பு தெரியவே தெரியாது. இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் எங்கே தேட வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் தமிழும் சீன, ஜப்பானியக் கட்சிதான். நமக்குப் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. இதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நான் படித்த புத்தகம், நான் படித்த பள்ளி, நான் படித்த நாள், நான் படித்த அறை. நான்கிலும் படித்த என்பது மாறவே இல்லை. புத்தகத்தைப் படித்தேன், பள்ளியில் படித்தேன், அந்த நாளில் படித்தேன் என்று வேற்றுமை உருபுகள் வேறுவேறாக இருந்தும், பெயரெச்சமானதும் அவை எல்லாம் காணாமல் போகின்றன. எது எதனோடு எப்படிச் சேர்கிறது என்பதைக் கேட்பவரின் உலக அறிவுக்கே தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. புத்தகத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஆனால் பள்ளிக்கு இன் வேண்டும், 'த ஸ்கூல் ஐ ஸ்டடீட் இன்'. தமிழர் பேசும் ஆங்கிலத்தில் அந்தக் கடைசி இன் அடிக்கடி விழுந்துபோவதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. அந்த இடத்தில் எதையாவது சொல்ல வேண்டும் என்ற பழக்கமே நம் மொழி நமக்குத் தரவில்லை.

ஓர் ஆசிரியர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் என்ன செய்வார்? மாணவரிடம் பெயரெச்ச வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பயிற்சியில், தவிர்க்கவே முடியாத இடங்களை அமைப்பார். இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வார், அதில் பாதி இன், வித், ஃபார் தேவைப்படுவதாக இருக்கும். சுதந்திரமாகக் கட்டுரை எழுதச் சொன்னால் இந்தக் குறை தலைகாட்டவே காட்டாது.

ஒப்பீட்டுக்குத் திசை உண்டு

லாடோவின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அ மொழிக்கும் ஆ மொழிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். ஆனால் அ-விலிருந்து ஆ-வுக்குப் போகிறவர் படும் பாடும், ஆ-விலிருந்து அ-வுக்கு வருகிறவர் படும் பாடும் ஒன்றல்ல. ஃப்ரெட் எக்மன் 1977இல் ஜெர்மனை வைத்து இதைக் காட்டினார். ஜெர்மனில் சொல்லின் கடைசியில் b, d, g போன்ற ஒலிப்புடைய (குரல்நாண் அதிர ஒலிக்கும்) மெய்கள் நிற்காது, ஒலிப்பில்லாதவையாக மாறிவிடும். ஆங்கிலத்திலோ 'கெட்ட' என்பதற்கான சொல்லும் 'வௌவால்' என்பதற்கான சொல்லும் கடைசி ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. (தமிழில் இரண்டையும் பேட் என்றே எழுத வேண்டியிருப்பது நம் பக்கத்து வேடிக்கை.) ஜெர்மானியருக்கு அந்த ஆங்கில வேறுபாடு பெரும் தலைவலி. ஜெர்மன் கற்கும் ஆங்கிலேயருக்கோ இந்த வேறுபாட்டை விட்டுவிடுவது அவ்வளவு கடினமில்லை. ஒரு வேறுபாட்டைப் புதிதாகக் கட்டுவதைவிட, இருப்பதைக் கைவிடுவது சுலபம்.

தமிழ்–இந்தி இணையில் இது இன்னும் சுவையானது. பாம்பு என்ற ஒரே சொல்லில் ப இரண்டு விதமாக ஒலிக்கிறது. சொல்முதலில் ஒலிப்பில்லாமல், ம்-முக்குப் பிறகு ஒலிப்போடு. ஆக, இந்திக்கு வேண்டிய ஒலிகளில் இந்த இரண்டும் தமிழர் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. கடன்சொற்களை ஒதுக்கிவைத்தால், அவற்றை இடம் பார்த்து மொழியே போட்டுக்கொடுத்துவிடுகிறது. பேசுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இந்தியில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அதுவும், மூச்சு கலந்த இரண்டையும் சேர்த்து, நான்கில் ஒன்றை. எனவே தமிழ் மாணவருக்குத் தேவை நாக்குப் பயிற்சியைவிடக் காதுப் பயிற்சி. எதிர்த்திசையில் வருகிறவரின் சிக்கல் வேறு. இந்தியில் எகரமும் ஒகரமும் குறில், நெடில் என்று பிரிவதில்லை. பெட்டி, பேட்டி, கொடு, கோடு ஆகியவை அவருக்கு ஒன்றுபோலவே ஒலிக்கலாம். ழகரத்தைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள், எகரத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ழ விசித்திரமாக இருப்பதால் அதற்கு அவர் தானே உழைத்துவிடுவார்.

திசை என்பது தொலைவைக் கணக்கிடும்போதும் முக்கியம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு எந்த மொழி எத்தனை வாரம் ஆகும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. தமிழுக்கு ஏறக்குறைய 44 வாரம், ஜப்பானியத்துக்கு 88 வாரம். இதை எடுத்துக்கொண்டு ஜப்பானியம் உலகிலேயே கடினமான மொழிகளுள் ஒன்று என்று எழுதுகிறார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவரின் தொலைவு. வினை கடைசியில் வருவது, முன்னிடைச்சொல்லுக்குப் பதில் பின்னால் ஒட்டும் உருபு, பெயருக்கு முன் வரும் பெயரெச்சம் என்று ஜப்பானிய இலக்கணத்தின் பெரும்பகுதி தமிழருக்குப் பழகிய பாதை. எழுத்துமுறைதான் மலை.

ஒப்பீடு வேறுபாட்டை மட்டும் தேட வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 'த' (the) எங்கே போடுவது என்பது தமிழ் மாணவருக்குத் தீராத குழப்பம். தமிழில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லித்தான் பாடம் தொடங்கும். அது முழு உண்மை இல்லை. 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம், அல்லது படிப்பு என்ற செயல். இரண்டாவதில் நமக்கிடையே ஏற்கெனவே பேச்சில் வந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையில் ஒரு பகுதி, ஆங்கிலத்தில் த செய்யும் வேலை. எழுவாய்க்கு இது உதவாது, மனிதரைக் குறிக்கும் பெயர்களுக்கும் அவ்வளவாக உதவாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவதற்கும், மாணவருக்குத் தெரிந்த உணர்வொன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சொல்லியே ஆக வேண்டியவை

மொழிபெயர்ப்புக்கு வருவோம். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் இல்லை, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்தான் என்று ரோமன் யாகப்சன் 1959இல் எழுதினார். இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியம் எனக்குத் தெரியாது. ஒரு வேலையாளை அமர்த்தினேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதை ரஷ்ய மொழியில் சொல்ல வேண்டுமென்றால், அமர்த்தும் செயல் முடிந்ததா இல்லையா, வேலையாள் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க முடியாது.

நாமே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'த டாக்டர் ஹூ ட்ரீட்டட் மை கசின் செட் வீ ஷுட் வெய்ட்.' பள்ளி மாணவருக்கும் புரியும் ஆங்கிலம். இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் கசின் முதல் முட்டுக்கட்டை. பெரியப்பா மகனா, அத்தை மகளா, மாமா மகனா, சித்தி மகளா? அண்ணன் முறையா, தம்பி முறையா? மூலத்தில் தகவலே இல்லை. முன்னும் பின்னும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் 'உறவினர்' என்று மழுப்ப வேண்டும், அதுவும் ஒரு தேர்வுதான். மருத்துவர் சொன்னாரா, சொன்னானா, சொன்னாளா? மரியாதைப் பன்மை இங்கே கைகொடுக்கிறது. ஆண் பெண் தெரியாவிட்டாலும் 'சொன்னார்' போதும்.

வீ என்ற சின்னச் சொல்லில்தான் உண்மையான சிக்கல். நாம், நாங்கள் என்ற பிரிவை எல்லாரும் சொல்வார்கள். கேட்பவரும் சேர்ந்து காத்திருக்க வேண்டுமா, இல்லையா என்று தெரிந்தால் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தமிழில் பிறர் பேச்சைச் சொல்லும்போது, அவர் வாயால் வந்த வடிவத்திலேயே வைத்து, பின்னால் 'என்று' போடுவது வழக்கம். மருத்துவர் சொன்னது 'நீங்கள் காத்திருக்க வேண்டும்' என்பதாக இருக்கும். ஆக, 'நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்'. இப்போது இதைப் படிக்கிறவருக்கு, நீங்கள் என்பது கதைசொல்லியின் குடும்பமா, அல்லது கதைசொல்லி யாரிடம் பேசுகிறாரோ அவரா என்ற புதிய சந்தேகம் வருகிறது. 'நாம் காத்திருக்க வேண்டும் என்றார்' என்று எழுதினால், மருத்துவரும் சேர்ந்து காத்திருப்பதாகப் படும். 'எங்களைக் காத்திருக்கச் சொன்னார்' என்று சுற்றிப்போவதுதான் பல நேரம் வழி. இலக்கணப் புத்தகத்தில் நாம், நாங்கள் அட்டவணை மட்டும் படித்தவருக்கு இந்த இடம் தெரியாது.

இப்போது திசையைத் திருப்புங்கள். 'மாமா மகளுக்கு வைத்தியம் பார்த்தவர் எங்களைக் காத்திருக்கச் சொன்னார்.' ஆங்கிலத்துக்குப் போகும்போது மாமாவும் மகளும் கசின் என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். அது பரவாயில்லை. அடுத்த வாக்கியத்தில் அந்த வைத்தியரை 'அவர்' என்று குறிப்பிட்டால் ஹீ போடுவதா, ஷீ போடுவதா? தமிழ் மூலம் கடைசி வரை சொல்லாமலே இருந்துவிடலாம். இயந்திர மொழிபெயர்ப்பு தடுமாறியதும் இங்கேதான். துருக்கி மொழியில் மூன்றாம் ஆளுக்கு ஆண், பெண் பேதமில்லாத ஒரே சுட்டுப்பெயர்தான். அதை ஆங்கிலமாக்கும்போது மருத்துவர் என்றால் ஆண், செவிலியர் என்றால் பெண் என்று இயந்திரம் தானாக முடிவெடுத்துக்கொண்டிருந்தது. கண்டனங்களுக்குப் பிறகு 2018 டிசம்பரில் கூகுள் இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு வடிவத்தையும் காட்டத் தொடங்கியது. இயந்திரம் செய்தது அறியாமையில் செய்த பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலம் கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நேருக்கு நேர் பேச்சை மொழிபெயர்ப்பவருக்கு இந்தக் கட்டாயங்களோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கிலும் உடனுக்குடன் நடந்தது. நீண்ட ஜெர்மன் வாக்கியங்களில் வினை கடைசியில் வருவது அங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. தமிழில் எதிர்மறையும் வினையின் வாலில்தான் தொங்குகிறது. 'அந்தத் தொகையை அவருக்கு நான் கொடுத்ததாக எந்த இடத்திலும் சொல்ல' வரை வந்தாலும், சொன்னாரா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான். முன்கூட்டியே ஊகித்து ஆங்கிலத்தில் பாதி சொல்லிவிட்டால் போச்சு.

தூண்டாததால் வராதவை

1958இல் வினே, டார்பெல்னே என்ற இருவர் பிரெஞ்சு–ஆங்கில ஒப்பீட்டை மொழிபெயர்ப்புக்கான கையேடாகவே எழுதினார்கள். நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியலுக்குக் காரில் போகும் வழியில் சாலைப் பலகைகளைக் கவனிப்பதில் நூல் தொடங்குகிறது. கனடாவுக்குள் நுழைந்ததும் பிரெஞ்சுப் பலகைகள் பிரெஞ்சாகவே இல்லை, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதாக இருந்தன என்பது அவர்கள் குறை. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பிரான்ஸில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'படு' என்ற துணைவினை. செயப்பாட்டு வினைக்கு ஆங்கிலத்தில் ஒன்று இருக்கிறது, தமிழில் ஒன்று இருக்கிறது, எனவே அதற்கு இது என்று பாடநூல் பொருத்திவிட்டது. வடிவத்துக்கு வடிவம் சரி. ஆனால் ஆங்கிலம் அதை எதற்குப் பயன்படுத்துகிறது? பெரும்பாலும், செயப்படுபொருளை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவர. அங்கே சொல்வரிசை இறுகியது, வேறு வழி குறைவு. தமிழில் அதற்கு உருபே போதும். 'கடிதத்தை நேற்றே அனுப்பிவிட்டார்கள்' என்று சொன்னால் கடிதம் முன்னால் வந்துவிட்டது, அனுப்பியவர் யாரென்றும் சொல்லவில்லை. 'கடிதம் நேற்றே அனுப்பப்பட்டது' என்று எழுதுவதற்கு ஆங்கில மூலத்தைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இல்லை. ஒப்பிட வேண்டியது வடிவத்தை அல்ல, அது செய்யும் வேலையை.

அதிகமாக வந்துவிடும் பட்டதுகளைக் கண்ணால் பார்க்கலாம். வராமல் போவதைத்தான் பார்க்க முடியாது. ஃபின்லாந்தின் சோன்யா டிர்க்கோனென்-கோண்டிட், 2000-களின் தொடக்கத்தில், ஃபின்னிய மொழியில் எழுதப்பட்டவற்றையும் ஃபின்னியத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டவற்றையும் எண்ணி ஒப்பிட்டார். ஃபின்னியத்துக்கே உரிய சில வினைகளும் சொல்லோடு ஒட்டும் இடைச்சொற்களும் மொழிபெயர்ப்புகளில் குறைந்திருந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு அவை தெரியாமல் இல்லை. மூலத்தில் அவற்றைத் தூண்டும் சொல் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஷாக்டர் மாணவர்களிடம் கண்ட தவிர்ப்பின் தம்பி இது.

தமிழில் எவை இப்படிக் காணாமல் போகும் என்று பட்டியல் போடுவது சிரமமில்லை. தான், ஏ, ஆம், ஓ ஆகிய இடைச்சொற்கள். வந்துவிட்டான், வந்து தொலைத்தான், சொல்லிவைத்தேன், எழுதிப்பார்த்தாள் என்று துணைவினை சுமக்கும் மனநிலைகள். கடகட, மளமள என்ற இரட்டைக்கிளவிகள். 'ஹீ கேம்' என்பதைப் பார்த்து யாரும் 'வந்து தொலைத்தான்' என்று எழுதப்போவதில்லை. எரிச்சலான குரலில் ஒரு பாத்திரம் பேசும் இடத்தில்கூட, ஆங்கிலம் அந்த எரிச்சலை வேறு எங்கோ, ஒரு வசைச்சொல்லிலோ வாக்கியத்தின் நீளத்திலோ வைத்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் அந்த வசைச்சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருப்பார்.

இயக்கத்தைச் சொல்லும் விதமும் அப்படி. ஆங்கிலத்தில் நீந்துவது முக்கிய வினையாகவும், அக்கரை போவது அதற்கு ஒட்டாகவும் வரும். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் கடப்பதுதான் முக்கிய வினை, நீச்சல் கூடுதல் தகவல். லெனர்டு டால்மி வகுத்த இந்தப் பிரிவில் தமிழ் பின்னதன் பக்கம் சாயும். 'ஆற்றை நீந்திக் கடந்தான்' என்பதில் முற்றுவினை கடந்தான்தான். ஆங்கில நாவல்களின் ஸ்பானிய மொழிபெயர்ப்புகளைப் பார்த்த டான் ஸ்லோபின், எப்படிப் போனான் என்ற தகவல் ஏறக்குறைய பாதி இடங்களில் உதிர்ந்துவிட்டதைக் கண்டார். தமிழுக்கு வினையெச்சம் என்ற வசதி இருக்கிறது. தத்தித் தத்தி, தவழ்ந்து, நொண்டிக்கொண்டு என்று முற்றுவினைக்கு முன்னால் சுலபமாகச் செருகலாம். ஆகவே ஸ்பானியத்தின் நிலை நமக்கு அப்படியே வர வேண்டியதில்லை. ஒரே வகை என்று பெயர் சூட்டியதாலேயே இரண்டு மொழியும் ஒன்றாகிவிடாது.

பெரிய அளவில் பொதுமைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் கேப்லன் 1966இல் வரைந்த படங்கள் சான்று. ஆங்கிலக் கட்டுரை நேர்க்கோடு, ஆசியர்களின் கட்டுரை சுருள் என்று வரைந்தார். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதை வைத்து அவர்களுடைய தாய்மொழியின் சிந்தனைக்கே வடிவம் வரைந்தது அது. கண்டனங்கள் குவிந்தன, பின்னாளில் அவரே தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஒப்பீடு சிறிய அலகுகளில்தான் நம்பகமானது.

அப்படிப்பட்ட சிறிய ஒப்பீட்டை, ஒஸ்லோவில் ஸ்டிக் யோஹான்சன் குழு 1990-களில் மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே அடுக்கிய ஆங்கில–நார்வேஜிய இணைத்தரவகம் கட்டியதுபோல் பெரிய அளவில் செய்யலாம். தனியாகவும் செய்யலாம். ஒரே வகைப் பனுவல்களாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நேரடியாகத் தமிழில் எழுதியது, மற்றது நீங்கள் மொழிபெயர்த்தது. இரண்டிலும் ஐயாயிரம் சொற்கள் போதும். தான், ஏ, விட்டு வகைத் துணைவினைகள், பட்டது, ஒரு, மற்றும் ஆகியவற்றை எண்ணுங்கள். கடைசி மூன்றும் ஆங்கிலத்திலிருந்து வந்த தமிழில் பெருகும், முதல் மூன்றும் குறையும் என்பது என் எதிர்பார்ப்பு. எண்ணியபின் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. எல்லா வாக்கியத்திலும் தான் ஒட்டி, அறிவியல் கட்டுரையில்கூட வந்து தொலைக்க வைக்கிறார்கள். அந்த வகைப் பனுவலை நேரடித் தமிழில் எழுதுகிறவர் அதை எத்தனை இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார் என்ற எண்ணிக்கையும் கையில் இருப்பதால், அதையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.